4 வயசு பாப்பாவும் முட்டி வலி அம்மாவும் கூட வர்ற சஃபாரி: க்ரூகரா, மடிக்வேயா, எட்டோஷாவா?

தம்பி போன மாசம் கோயம்புத்தூர்லேர்ந்து போன் பண்ணி, "அக்கா, வர்ற மே லீவுக்கு எல்லாரும் அங்க வர்றோம், சிங்கம் யானை எல்லாம் பாக்கணும், எங்க போலாம்னு நீயே முடிவு பண்ணி சொல்லு"ன்னான். அவன், அவன் சம்சாரம், 10 வயசு பையன், 4 வயசு பாப்பா, கூட எங்கம்மா, 67 வயசு, ரெண்டு முட்டியிலயும் வலி. நாங்க தென்னாப்பிரிக்கால ஜோகன்னஸ்பர்க் வந்து 6 வருஷமாச்சு, ஊர்லேர்ந்து யார் வந்தாலும் காட்டுக்கு கூட்டிட்டு போறது எங்க வேலைதான், அதனால ஒவ்வொரு இடத்துலயும் எது நல்லா இருந்துச்சு எது சரியா வரலன்னு கையோட அனுபவம் இருக்கு. அவனுக்காக உக்காந்து யோசிச்சத அப்படியே எழுதறேன், இதே மாதிரி குடும்பத்தோட வரணும்னு நினைக்கறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எல்லாரும் "எங்க போனா நிறைய மிருகம் பாக்கலாம்"னு கேக்கறாங்க, அந்தக் கேள்விய வச்சு முடிவு பண்ணாதீங்க. தெக்கு ஆப்பிரிக்கா பக்கம் நல்ல காடு எதுக்கு போனாலும் மிருகம் பாத்துடலாம். உங்க வண்டில இருக்கறதுலயே சின்ன பிள்ளைக்கு என்ன வயசு, பெரியவங்களுக்கு என்ன முடியும், இந்த ரெண்டையும் வச்சு முடிவு பண்ணுங்க.

க்ரூகர்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு அதுதான், எனக்கும் மனசுக்கு நெருக்கம் அதுதான். கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர், நம்ம கோயம்புத்தூர் மாவட்டம் மாதிரி நாலு மாவட்டத்த ஒண்ணா வச்சா எவ்வளவோ அவ்வளவு. வடக்கு தெக்கா 350 கிலோமீட்டர். 1926ல தேசியப் பூங்கா ஆச்சு. இங்க பெரிய விசேஷம் என்னன்னா நம்ம கார்லயே நாமளே ஓட்டிட்டு போலாம். ஜோகன்னஸ்பர்க்லேர்ந்து தெக்கு கேட்டுக்கு அஞ்சு மணி நேரம், நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம் ஓட்டறதுதான், உள்ள முக்கியமான ரோடெல்லாம் தார் ரோடு, சாதா காரே போதும், ஆனா கொஞ்சம் உசரமான வண்டியா எடுத்தீங்கன்னா புல்லுக்கு மேல நல்லா தெரியும். தார் ரோட்டுல 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாது, மண் ரோட்டுல 40. நானே சொல்றேன், 30க்கு மேல போனாலே பாதி மிருகத்த விட்டுடுவீங்க.

தங்கறதுக்கு பூங்காவுக்குள்ளயே வேலி போட்ட கேம்ப் இருக்கு, ஸ்குகுசா, லோயர் சாபி, சதாரா, பெர்க்-என்-டால்னு. ரோண்டாவெல்னு வட்டமா கூரை வேய்ஞ்ச வீடு, அதோட சின்ன சமையல் இடம், ஃப்ரிட்ஜ், வாசல்ல கறி சுடற அடுப்பு. சைவம் சாப்பிடறவங்க, தயிர்சாதம் இல்லாம தூங்காத பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு போனாதான் தெரியும். ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு இன்னொரு விஷயம், இங்க ப்ளக்கு பெருசா மூணு உருண்ட பின்னு, நம்ம வீட்டு ஏசி கீசருக்கு போடறோமே அதே மாதிரி, அதனால சின்ன குக்கர் கொண்டு வர்றவங்க அடாப்டர மறந்துடாதீங்க. குரங்கு ஜாஸ்தி, வெளிய இருக்கற ஃப்ரிட்ஜுக்கு கம்பிக் கூண்டு போட்டிருப்பாங்க, அத சரியா பூட்டணும், அம்மா முதல் தடவ வந்தப்போ வாழைப்பழத்த மேஜை மேல வச்சிட்டு கை கழுவ போனாங்க, திரும்பி வர்றதுக்குள்ள மொத்த சீப்பும் மரத்து மேல.

ஸ்குகுசாலேர்ந்து லோயர் சாபிக்கு ஆத்தோரமா ஒரு ரோடு போகுது, 45 கிலோமீட்டர்தான், ஆனா நின்னு நின்னு போனா மூணு மணி நேரம் ஆகும். ஒரு நாள் சாயங்காலம் அந்த ரோட்டுல யானைக் கூட்டம் மறிச்சிடுச்சு. குட்டிங்க ஆறேழு, நடுவுல ஒரு வயசான பொட்டை யானை நேரா எங்க காரப் பாத்து காத விரிச்சுட்டு நின்னுச்சு. முதுமலைல யானை பாத்த பழக்கத்துல தந்தம் இருந்தா ஆம்பளன்னு நினைச்சிடாதீங்க, இங்க பொட்டைக்கும் தந்தம் உண்டு, காது வேற முறம் மாதிரி இல்ல, கதவு மாதிரி இருக்கும். நாங்க இன்ஜின அணைக்கல, மெதுவா பின்னாடி எடுத்து நின்னோம், முக்கா மணி நேரம். பசங்க மூச்சு கூட விடல. அப்புறம் அது காத மடக்கிட்டு ஒரு தடவ தலைய ஆட்டிட்டு போயிடுச்சு, பின்னாடியே மொத்தக் கூட்டமும். கேம்ப் கேட்ட மூடின பிறகு போய் சேந்து அபராதம் கட்டினோம். அந்த முக்கா மணி நேரத்துக்கு எவ்வளவு வேணாலும் கட்டலாம், ஆனா கேட் நேரம் நிஜமாவே கறாரு, குளிர்காலத்துல சாயங்காலம் அஞ்சரைக்கே மூடிடுவாங்க, அதுக்கேத்த மாதிரி கிளம்பணும்.

இப்ப கஷ்டத்த சொல்றேன். கேம்புக்கும் குறிச்சு வச்ச இடங்களுக்கும் வெளிய கார விட்டு இறங்கவே கூடாது. சிங்கம் புல்லுக்குள்ள பத்தடி தள்ளி படுத்திருந்தாலும் தெரியாது, அதனால சும்மா ஒரு நிமிஷம்னு கூட இறங்கக்கூடாது. நாலு வயசு பிள்ளைக்கு "அம்மா ஒண்ணுக்கு"ன்னு வந்தா அடுத்த கழிவறை 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பாட்டில், டிஷ்யூ, மாத்துத் துணி எல்லாம் கைக்கு எட்டற தூரத்துல இருக்கணும். பெரியவங்களுக்கும் இதே பிரச்சனைதான், அம்மா பாத்ரூம் போகணுமேன்னு பயந்து தண்ணியே குடிக்காம உக்காந்திருந்தாங்க, சாயங்காலம் தலைவலி. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரே ஓட்டமா போறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம்.

ரெண்டாவது கஷ்டம் மலேரியா. க்ரூகர் மலேரியா இருக்கற ஏரியா, மழைக்காலம் தொடங்கி மே மாசம் வரைக்கும்தான் ஜாஸ்தி, ஜூன் ஜூலைல ரொம்பக் குறைஞ்சிடும். நம்ம பிள்ளைங்களுக்கு முழுப் பரீட்சை லீவு வர்றதே ஏப்ரல் மே. மாத்திரை இருக்கு, பிள்ளைங்களுக்கு எடைக்கேத்த மாதிரி குடுப்பாங்க, டாக்டர்ட்ட கேட்டுதான் எடுக்கணும். பெரியவங்க கசப்பா இருந்தாலும் முழுங்கிடுவாங்க, நாலு வயசுக்கு தினமும் மாத்திரை குடுக்கறது ஒரு போராட்டம், அது வாந்தி எடுத்தா மறுபடி குடுக்கணுமா வேணாமான்னு வேற கவலை. இந்த ஒரு விஷயம்தான் தம்பி கணக்குல பெருசா நின்னுச்சு.

இன்னொரு எச்சரிக்கை, க்ரூகர்னு பேர் போட்டு விக்கற எல்லாமே க்ரூகருக்குள்ள இல்ல. எங்க சொந்தக்காரங்க ஒருத்தங்க ஒரு ஏஜென்ட்ட நம்பி பணம் கட்டிட்டு வந்தாங்க, போய் பாத்தா லாட்ஜ் வேலிக்கு வெளிய, கேட்டுக்கு போகவே ஒரு மணி நேரம், காலைல வெளிச்சம் வர்ற நல்ல நேரம் எல்லாம் ரோட்டுலயே போயிடுச்சு. பணம் கட்டறதுக்கு முன்னாடி மேப்புல இடத்த போட்டு, எந்த கேட், எவ்வளவு தூரம்னு நீங்களே பாருங்க.

அடுத்தது க்ரூகர ஒட்டியே இருக்கற தனியார் காடு, சாபி சாண்ட்ஸ். நடுவுல இருந்த வேலிய 1993லயே எடுத்துட்டாங்க, அதனால மிருகத்துக்கு ரெண்டும் ஒரே காடுதான். வித்தியாசம் நம்மளுக்குத்தான். இங்க நாம ஓட்ட முடியாது, லாட்ஜோட திறந்த ஜீப்புல ரேஞ்சர் ஓட்டுவார், முன்னாடி பானட் மேல ஒரு சீட்டுல ட்ராக்கர், அதாவது தடம் பாத்து மிருகத்த கண்டுபிடிக்கறவர், உக்காந்திருப்பார். விடியறதுக்கு முன்னாடி ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு ரெண்டு டிரைவ், நடுவுல மிச்ச நேரம் ஓய்வு. ரோட்ட விட்டு புதருக்குள்ள வண்டிய இறக்கலாம், ராத்திரில லைட் அடிச்சு தேடலாம், க்ரூகர்ல சொந்தக் கார்ல போறவங்களுக்கு ரெண்டுமே கிடையாது.

சிறுத்தை பாக்கணும்னா இதுக்கு நிகர் வேற எதுவும் எனக்குத் தெரியல. நாங்க போனப்போ ட்ராக்கர் திடீர்னு கைய தூக்கினார், வண்டி நின்னுச்சு, இறங்கி மணல்ல குனிஞ்சு பாத்தார். எனக்கு வெறும் மணல்தான் தெரிஞ்சுது. அவர் விரல வச்சு காட்டின பிறகுதான் அந்த நாலு விரல் தடம் தெரிஞ்சுது, பக்கத்துல மடங்கின புல்லு இன்னும் நிமிரவே இல்லன்னு காட்டினார், அதாவது இப்பத்தான் போயிருக்கு. தூரத்துல ஒரு இம்பாலா மான் சீறின மாதிரி ஒரு சத்தம் போட்டுச்சு, அவர் அந்தப் பக்கம் திரும்பினார், அவ்வளவுதான், பத்து நிமிஷத்துல ஒரு மருலா மரத்துக் கிளைல வால தொங்கப் போட்டுட்டு படுத்திருந்துச்சு. க்ரூகர்ல சொந்தமா ஓட்டி நாங்க அதுவரைக்கும் மூணு தடவ போய் ஒரு சிறுத்தை கூட பக்கத்துல பாக்கல.

ஆனா விலை. க்ரூகர் கேம்ப்ல ஒரு வாரம் குடும்பமே தங்கற காசு இங்க ரெண்டு ராத்திரிக்கு போயிடும், அதுவும் நல்ல லாட்ஜுன்னா அதுக்கும் மேல. அப்புறம் வயசு. 6 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைங்கள நிறைய லாட்ஜ்ல டிரைவுக்கு ஏத்த மாட்டாங்க. க்ரூகர் பூங்கா நடத்தற டிரைவுலயும் 6 வயசுக்கு கீழ கிடையாது. காரணமும் நியாயம்தான், திறந்த வண்டி, சிங்கம் பத்தடில, ஒரு குழந்தை திடீர்னு கத்தினாலோ எழுந்து நின்னாலோ எல்லாருக்கும் ஆபத்து. எங்க நாத்தனார் குடும்பம் இத கேக்காமயே போயிட்டாங்க, அம்மா ஒரு டிரைவ், அப்பா ஒரு டிரைவ்னு மாத்தி மாத்தி போயிட்டு வந்தாங்க, பிள்ளையோட ஒருத்தர் எப்பவும் ரூம்ல. அவ்வளவு காசு கட்டி குடும்பமா ஒண்ணா ஒரு மிருகமும் பாக்கல. பத்து வயசுக்கு மேல பிள்ளைங்க இருந்தா, மனசு இருந்தா, ரெண்டு ராத்திரி கண்டிப்பா போங்க. நாலு வயசோட வேண்டவே வேண்டாம்.

எட்டோஷா நமீபியால இருக்கு, 22,000 சதுர கிலோமீட்டர் சொச்சம், நடுவுல 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெள்ளையா உப்புப் படுகை. எனக்கு என் வாழ்க்கைல மறக்க முடியாத ராத்திரி இங்கதான். ஒகாகுவேயோ கேம்ப்ல வேலிக்கு இந்தப் பக்கம் பெஞ்சு போட்டிருக்கு, அந்தப் பக்கம் ஒரு தண்ணிக் குட்டை, ராத்திரி முழுக்க மஞ்ச வெளிச்சம் போட்டிருப்பாங்க. மாமியார் கம்பளிய போத்திட்டு உக்காந்திருந்தாங்க, முப்பது நாப்பது பேர் இருந்தோம், ஒருத்தர் கூட பேசல. இருட்டுக்குள்ளேர்ந்து ஒரு கருப்பு காண்டாமிருகம் குட்டியோட வந்துச்சு. தண்ணி உறிஞ்சற சத்தம் கூட தெளிவா கேட்டுச்சு. குட்டி தண்ணில தன் நிழலப் பாத்து பின்னாடி துள்ளிச்சு, மாமியார் என் கைய இறுக்கி பிடிச்சுக்கிட்டாங்க. பெரியவங்க நடக்கவும் வேணாம், வண்டில ஏறி இறங்கவும் வேணாம், பாத்ரூம் பக்கத்துலயே, மிருகம்தான் நம்மள தேடி வருது, முட்டி வலிக்காரங்களுக்கு இதவிட நல்ல ஏற்பாடு நான் எங்கயும் பாக்கல.

அப்ப எட்டோஷாவே போயிடலாமேன்னு தோணும். ரெண்டு விஷயம் தடுக்குது. ஒண்ணு தூரம், விண்ட்ஹோக் வரைக்கும் விமானம், அங்கேர்ந்து 400 கிலோமீட்டருக்கு மேல ரோடு, பூங்காவுக்குள்ள சரளைக்கல் ரோடு, டயர் பஞ்சர் சகஜம், அதையும் வண்டிய விட்டு இறங்கி மாத்தணும்னா காட்டுக்குள்ள. ரெண்டாவது மாசம். எட்டோஷாவோட மொத்த ரகசியமே வறட்சிதான், ஜூலைலேர்ந்து அக்டோபர் வரைக்கும் வேற எங்கயும் தண்ணி இல்லாம எல்லாம் குட்டைக்கு வந்தே ஆகணும். மே மாசம் அங்கங்க மழைத்தண்ணி மிச்சம் இருக்கும், மிருகம் சிதறிப் போயிருக்கும். காட்டெருமையும் நீர்யானையும் அங்க கிடையாது, அதையும் பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைக்கணும். காலாண்டு லீவுக்கு செப்டம்பர் கடைசில வர முடிஞ்சவங்களுக்கு எட்டோஷாதான் நான் சொல்வேன், நாள் கம்மியா இருந்தாலும்.

போட்ஸ்வானா சுருக்கமா. உலகத்துலயே யானை அதிகமா இருக்கற நாடு, 2022 கணக்கெடுப்புப்படி 1,30,000 யானைக்கு மேல. கசானேங்கற ஊர்லேர்ந்து சோபே ஆத்துல படகுல போனீங்கன்னா யானை தும்பிக்கைய மேல தூக்கிட்டு நீந்தறத பாக்கலாம், அங்கேர்ந்து விக்டோரியா அருவி 80 கிலோமீட்டர்தான். இத மட்டும் தனியா ரெண்டு நாள் சேத்துக்கலாம், நல்லா இருக்கும். ஓகவாங்கோ டெல்டா வேற ரகம், குட்டி விமானம், ஆளுக்கு 20 கிலோ சாமான்தான், அதுவும் சக்கரம் வச்ச சூட்கேஸ் இல்லாம துணிப் பை, வேலியே இல்லாத கேம்ப், சின்ன பிள்ளைங்கள நிறைய இடத்துல சேத்துக்க மாட்டாங்க. அந்த நாடு கூட்டம் கம்மி, விலை ஜாஸ்திங்கறதையே கொள்கையா வச்சிருக்கு. பிள்ளைங்க காலேஜ் போன பிறகு யோசிங்க.

டர்பன் பக்கம் போறவங்களுக்கு ஒரு வழி இருக்கு, ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி. 1895லேர்ந்து பாதுகாக்கற காடு, வெள்ளை காண்டாமிருகம் உலகத்துல அழிஞ்சு போகாம இருந்ததுக்கே இந்தக் காடுதான் காரணம், 1960கள்ல இங்கேர்ந்துதான் பிடிச்சு மத்த காடுகளுக்கு அனுப்பினாங்க. டர்பன்லேர்ந்து மூணு மணி நேரம், வழி நெடுக கரும்புத் தோட்டம். 1860ல மெட்ராஸ்லேர்ந்து கப்பல் ஏறி வந்த நம்ம சனங்க கை பட்ட மண்ணு அது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில்ல அம்மாவ ஒரு தடவ நிக்க வச்சேன், இங்கயும் ஆத்தா இருக்காளான்னு கண்ணு கலங்கிட்டாங்க. கோயிலும் கடலும் காடும் சேத்து பாக்கணும்னு நினைக்கற குடும்பம் இத எடுத்துக்கலாம். ஒண்ணு சொல்லணும், இந்தக் காட்டுலயும் க்ரூகர் மாதிரி இடங்கள்லயும் கொம்ப வெட்டின காண்டாமிருகத்த பாப்பீங்க. பிள்ளைங்க ஏன்னு கேக்கும். திருட்டு வேட்டைக்காரங்க கொம்புக்காக கொல்றாங்க, அதனால காப்பாத்தறவங்களே மயக்க ஊசி போட்டு வெட்டி விடறாங்க, நம்ம நகம் மாதிரி அது மறுபடி வளரும், வலிக்காதுன்னு முன்னாடியே சொல்லி கூட்டிட்டு வாங்க. என் பொண்ணு இத கேட்டுட்டு ரெண்டு நாள் அதப் பத்தியேதான் பேசினா.

மலேரியா இல்லாத காடுன்னு வந்தா நான் சொல்றது ரெண்டு இடம். பிலானஸ்பெர்க் ஜோகன்னஸ்பர்க்லேர்ந்து ரெண்டரை மணி நேரம், எப்பவோ அணைஞ்சு போன எரிமலை வாய்க்குள்ள இருக்கற காடு, சொந்தக் கார்ல சுத்தலாம், நடுவுல மன்க்வே ஏரி, அங்க மறைஞ்சு உக்காந்து பாக்க மரக்கூடம் இருக்கு. க்ரூகர் மாதிரி பெருசு இல்ல, சனி ஞாயிறுல சிங்கம் தெரிஞ்சா இருபது கார் நிக்கும், அதனால வார நாள்ல போங்க. ஆனா பிள்ளைக்கு சலிச்சுப் போனா அரை மணி நேரத்துல கேம்புக்கு திரும்பிடலாம், பக்கத்துலயே சன் சிட்டில அலை அடிக்கற நீச்சல் குளம். மடிக்வே போட்ஸ்வானா எல்லைல, நாலரை மணி நேரம், 75,000 ஹெக்டேர், 1991ல பழைய மாட்டுப் பண்ணைங்கள எடுத்து, ஆயிரக்கணக்கான மிருகங்கள வேற காடுகள்லேர்ந்து கொண்டு வந்து விட்டு உண்டாக்கினது. லாட்ஜ்ல தங்கறவங்க மட்டும்தான் உள்ள போலாம், அதனால கூட்டமே இல்ல, சாபி சாண்ட்ஸ் மாதிரியே திறந்த வண்டி, ட்ராக்கிங் எல்லாம் உண்டு, ஆப்பிரிக்க காட்டுநாய் பாக்க நல்ல இடம். பிள்ளைங்கள வரவேற்கற லாட்ஜ்ங்க இங்க இருக்கு, சில இடத்துல சின்னதுங்களுக்குன்னே முக்கா மணி நேரம் குட்டி டிரைவ் வைப்பாங்க, முழு வண்டியையும் நம்ம குடும்பத்துக்கே எடுத்தா நேரத்த நாமளே வச்சுக்கலாம்.

எல்லாத்தையும் தம்பிகிட்ட சொன்னேன். அவனுக்கு க்ரூகர்தான் ஆசை, பேரு கேட்டு கேட்டு வளந்தவன். பையன் போன பிடுங்கி "அத்தை, சிறுத்தை பாக்க முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க"ன்னான். மே மாசம், நாலு வயசு, மாத்திரை, பாட்டி முட்டி, ஆளுக்கு ஆள் பாத்ரூம், எல்லாத்தையும் வச்சு நான் சொன்னது இதுதான்: பிலானஸ்பெர்க்ல மூணு ராத்திரி சொந்தக் கார்ல, நம்ம இஷ்டத்துக்கு, அப்புறம் மடிக்வேல ரெண்டு ராத்திரி, தனி வண்டி. சிறுத்தை மடிக்வேல வரலாம் வராமலும் போலாம், வாக்கு குடுக்க மாட்டேன். க்ரூகருக்கு பாப்பாவுக்கு 7 வயசு ஆனப்புறம் வரட்டும், அப்ப நானே கூட்டிட்டு போறேன், ஜூன்ல. பூங்கா ரூமெல்லாம் 11 மாசத்துக்கு முன்னாடியே திறந்துடுவாங்க, நல்ல கேம்ப் சீக்கிரம் போயிடும், அதுக்கும் இப்பவே காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன்.

பேப்பர் விஷயம் ரெண்டே ரெண்டு. பிள்ளைங்க பிறப்புச் சான்றிதழ்ல அப்பா அம்மா ரெண்டு பேர் பேரும் இருக்கணும், விசாவுக்கே கேப்பாங்க, ஒருத்தர் மட்டும் கூட்டிட்டு வந்தா இன்னொருத்தர் சம்மதக் கடிதமும் வேணும். ரெண்டாவது, அடிஸ் அபாபா இல்ல நைரோபி வழியா டிக்கெட் எடுக்கறவங்க மஞ்சள் காய்ச்சல் ஊசி விதிய எடுக்கறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க, ஊசி வேணும்னா பயணத்துக்கு 10 நாள் முன்னாடி போட்டிருக்கணும், எல்லா ஆஸ்பத்திரிலயும் போட மாட்டாங்க, சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுவாங்க. துணி விஷயத்துல மே மாசம்னு ஏமாந்துடாதீங்க, நம்ம ஊர்ல அக்னி நட்சத்திரம், இங்க குளிர் தொடங்கற மாசம், விடியக்காலைல திறந்த வண்டில ஊட்டி டிசம்பர் மாதிரி இருக்கும், எல்லாருக்கும் குல்லாவும் கம்பளியும்.

எல்லாம் பேசி முடிச்ச பிறகு அம்மா போன வாங்கி மெதுவா கேட்டாங்க, "கண்ணு, அந்த வண்டி ரொம்ப உசரம்ங்கறியே, என்னால ஏற முடியுமா, முடியலன்னா நான் ரூம்லயே இருந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க." மறுநாள் காலைல லாட்ஜுக்கு போன் பண்ணி அத மட்டும் கேட்டேன். ஏறறதுக்கு மரப்படி வைப்போம், அம்மாவ முன்னாடி ரேஞ்சர் பக்கத்து சீட்டுல உக்கார வைக்கறோம், அது தாழ்வாதான் இருக்கும், சாஞ்சுக்கவும் இடம் இருக்குன்னாங்க. அத அம்மாகிட்ட சொன்ன பிறகுதான் தம்பிய பணம் கட்டச் சொன்னேன்.